4 டிபி டிஸ்க் '465.75 ஜிபி ரா' என்று காட்டுகிறது: பார்டிஷன் டேபிள் போய்விட்டதா?

#1 நீலத்திரை

யுஎஸ்பி கேஸில் இருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க். கேஸின் பவர் ஜாக் உடைந்ததால் டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டில் நேராக சாட்டா கேபிளில் போட்டிருக்கிறது. விண்டோஸ் 10, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிவது:

465.75 ஜிபி – ரா (ஃபைல் சிஸ்டம் எதுவும் அடையாளம் தெரியவில்லை என்று பொருள்)
1582.25 ஜிபி – அன்அலொகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்)
1678.02 ஜிபி – அன்அலொகேட்டட்

கேஸில் இருந்தபோது ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பார்டிஷன், முழு 3.63 டிபி. எம்பிஆர் (டிஸ்க்கின் தொடக்கத்தில் பார்டிஷன் டேபிளை வைக்கும் பழைய முறை) டிஸ்க் என்றுதான் காட்டும். ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே தருவது) பேட் செக்டர் எதுவும் இல்லை. இப்போது 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் (விண்டோஸின் எம்பிஆர் ரிப்பேர் கமாண்ட்) போட்டால் சரியாகுமா, அல்லது டெஸ்ட்டிஸ்க்கில் (பார்டிஷன் மீட்கும் கருவி) தேடவிட வேண்டுமா?

#2 செக்டர்63

இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஃபார்மட் கேள்விக்கு 'கேன்சல்'.

நீங்கள் கொடுத்த எண்ணிலேயே விடை இருக்கிறது: 465.75 × 8 = 3726. அதாவது உங்கள் 3.63 டிபி. டேபிள் அழியவில்லை, ஒரு பைட்கூட மாறவில்லை. அதில் எழுதியிருக்கும் எண்ணை எந்த அலகால் (செக்டர், அதாவது டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும் மிகச் சிறிய துண்டு) பெருக்குவது என்பதுதான் மாறிவிட்டது. கேஸுக்குள் இருந்த சின்ன போர்டு கம்ப்யூட்டரிடம் 'ஒரு செக்டர் 4096 பைட்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாட்டா கேபிளில் டிஸ்க் தானே பேசும்போது '512 பைட்' என்கிறது.

மற்ற இரண்டு எண்களும் இதே கணக்குதான். 512 பைட் செக்டர் வைத்து எம்பிஆர் எட்டக்கூடிய தூரம் 2048 ஜிபி. 465.75-ஐயும் 1582.25-ஐயும் கூட்டுங்கள், சரியாக 2048 வரும். அதற்கு மேலே மிச்சம் இருப்பது 1678.02.

#3 நீலத்திரை

கணக்கு புரிகிறது சார். ஆனால் போர்டு எதற்காக அப்படிப் பொய் சொல்ல வேண்டும்? டிஸ்க் லேபிளிலேயே 'அட்வான்ஸ்டு ஃபார்மட்' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அது 4096 டிஸ்க்தானே?

#4 செக்டர்63

இரண்டு வேறு விஷயங்கள். அட்வான்ஸ்டு ஃபார்மட் என்பது தட்டில் காந்தமாக எழுதப்படும் செக்டரின் அளவு, அதாவது பிசிக்கல் செக்டர் 4096. ஆனால் வெளியே பேசும்போது பெரும்பாலான டிஸ்க்குகள் அதை எட்டாக வெட்டி 512 என்றே காட்டும். இதைத்தான் 512இ என்கிறார்கள். பார்டிஷன் டேபிளுக்கு இந்த லாஜிக்கல் அளவு மட்டும்தான் முக்கியம். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல்) கமாண்டில் லாக்-செக், பிஹெச்ஒய்-செக் என்ற இரண்டு பத்திகளையும் வரவழைத்துப் பார்த்தால் 512, 4096 என்று தனித்தனியாக வரும். விண்டோஸில் எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ என்ற கமாண்ட்.

பொய்க்குக் காரணம் விண்டோஸ் எக்ஸ்பி. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி (எம்பிஆருக்குப் பதில் வந்த புதிய பார்டிஷன் டேபிள் முறை) தெரியாது. எம்பிஆரில் செக்டர் எண்ணுக்கு ஒதுக்கியது 32 பிட். 2-இன் 32-ஆம் அடுக்கு × 512 = 2,19,902 கோடி பைட் சொச்சம், 2.2 டிபி. அதோடு சரி. 3 டிபி டிஸ்க் சந்தைக்கு வந்தபோது எக்ஸ்பி வைத்திருப்பவருக்கும் விற்க வேண்டும். செக்டரை 4096 என்று சொல்லிவிட்டால் அதே 32 பிட்டில் 17.6 டிபி வரை போகலாம். அந்த வழக்கம் எக்ஸ்பி போன பிறகும் சில போர்டுகளில் தங்கிவிட்டது.

இப்போது செக்டர் 0-ஐப் பார்க்கலாம். எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் (டிஸ்க்கின் பைட்டுகளை 16 அடிமான எண்ணாகக் காட்டும் கருவி) 'ரீட்-ஒன்லி' டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திறங்கள் (டிரைவ் எழுத்தை அல்ல, பிசிக்கல் டிஸ்க்கை). 446-ஆம் பைட்டிலிருந்து 16 பைட்டை இங்கே போடுங்கள்.

#5 நீலத்திரை

00 04 05 00 07 எஃப்ஈ எஃப்எஃப் எஃப்எஃப் 00 01 00 00 00 15 38 3ஏ

அடுத்த 48 பைட்டும் பூஜ்யம். கடைசி இரண்டு 55 ஏஏ.

#6 செக்டர்63

நினைத்தபடியே.

முதல் 00: ஆக்டிவ் இல்லை (பூட் ஆகும் பார்டிஷன் என்றால் 80). அடுத்த மூன்று பைட்டும், 07-க்குப் பின்னால் வரும் மூன்றும் சிலிண்டர்-ஹெட்-செக்டர் முகவரி. 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர், மொத்தம் 8.4 ஜிபிக்கு மேல் அதற்குப் பேச்சில்லை. அதனால்தான் முடிவு முகவரியில் 'எட்டாத தூரம்' என்ற பொருளில் எஃப்ஈ எஃப்எஃப் எஃப்எஃப் நிரப்பியிருக்கிறது. இன்று யாரும் அதைப் படிப்பதில்லை. 07 என்றால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்.

அடுத்த இரண்டு நான்கு-பைட் எண்கள்தான் சமாச்சாரம். இவற்றைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 00 01 00 00 என்றால் 256, இது தொடக்கம். 00 15 38 3ஏ என்றால் 97,67,53,920, இது நீளம்.

4096-ஆல் பெருக்கினால் தொடக்கம் 10,48,576-ஆம் பைட், அதாவது சரியாக 1 எம்பி. விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸ் பார்டிஷன் தொடங்கும் வழக்கமான இடம். 512-ஆல் பெருக்கினால் 128 கேபியில் தொடங்குகிறது. அங்கே என்டிஎஃப்எஸ் எதுவும் கிடையாது, அதனால்தான் 'ரா'.

இன்னொரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. சில கேஸ் போர்டுகள் டேட்டாவை என்க்ரிப்ட் செய்தே தட்டில் எழுதும். பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் செய்யும். அப்படியிருந்தால் சாட்டாவில் செக்டர் 0-வே குப்பையாகத் தெரிந்திருக்கும், 55 ஏஏ வந்திருக்காது. உங்கள் டிஸ்க்கில் அந்தச் சிக்கல் இல்லை.

உறுதி செய்ய, 512 கணக்கில் செக்டர் 2048-க்குப் போங்கள். 3-ஆம் பைட்டிலிருந்து என்டிஎஃப்எஸ் என்ற நான்கு எழுத்து இருக்க வேண்டும். 11, 12-ஆம் பைட் 00 10 என்று இருக்கும், அதாவது 4096.

#7 ரிப்பேர்மேசை

பூட்ரெக் பத்தி கேட்டிருந்தீங்க. பலரும் 'எம்பிஆர் ரிப்பேர்'னா பார்டிஷனை மீட்கிறதுன்னு நினைச்சுக்கிறாங்க. இல்லைங்க. செக்டர் 0-ல மூணு குடித்தனம். முதல் 440 பைட் பூட் கோட். அப்புறம் 4 பைட் டிஸ்க் சிக்னேச்சர், 2 பைட் காலி. அப்புறம் 64 பைட் டேபிள், கடைசியில 55 ஏஏ. /ஃபிக்ஸ்எம்பிஆர் மாத்துறது அந்த கோடை மட்டும்தான். டேபிள் பக்கமே போகாது. உங்க டிஸ்க் டேட்டா டிஸ்க், பூட் கோட் இருந்தா என்ன இல்லைன்னா என்ன. அதனால கெடுதலும் இல்லை, பிரயோஜனமும் இல்லை.

ஆனா டூயல் பூட் மெஷின்ல அதே கமாண்டைப் போட்டா க்ரப் (லினக்ஸை பூட் பண்ற புரோகிராம்) போயிடும். அந்த 440 பைட்டுல க்ரப்போட முதல் துண்டு மட்டும்தான் இருக்கு, மிச்சம் செக்டர் 1-லிருந்து முதல் பார்டிஷனுக்கு முன்னாடி இருக்கிற காலி இடத்துல உக்காந்திருக்கும். முதல் துண்டு போனா பின்னாடி இருக்கிறதைக் கூப்பிட ஆள் இல்லை.

#8 செக்டர்63

அந்தக் காலி இடம் டாஸ் காலத்தில் 62 செக்டர். பார்டிஷன் 63-ல் தொடங்கும் (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்). 62 × 512 = 31,744 பைட். பயாஸ் (மெஷினை எழுப்பும் மதர்போர்டு புரோகிராம்) செக்டர் 0-ஐ ரேமில் கொண்டுபோய் வைக்கும் முகவரியும் 31,744 தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் தற்செயல்.

#9 பென்குயின்

டேட்டாவை எடுக்கும் வழிக்கு வருவோம். முதல் வழி, அதே மாடல் கேஸ் இன்னொன்று கிடைத்தால் அதில் போட்டுப் பாருங்கள். அதே மாடலிலேயே போர்டு வெர்ஷன் மாறியிருக்கலாம் என்பதால் உத்தரவாதம் கிடையாது, ஆனால் கிடைத்தால் வேலை ஒரு நிமிடம்.

கிடைக்காவிட்டால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி போதும். லூப் டிவைஸ் (டிஸ்க்கை இன்னொரு டிஸ்க் போலக் காட்டும் லினக்ஸ் வசதி) அந்த போர்டு செய்ததையே செய்யும். டிஸ்க் எது என்று எல்எஸ்பிஎல்கே-வில் அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், /டெவ்/எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம்:

சூடோ லோசெட்அப் --ஃபைண்ட் --ஷோ --ரீட்-ஒன்லி --பார்ட்ஸ்கேன் --செக்டர்-சைஸ் 4096 /டெவ்/எஸ்டிபி

லூப் எண் திரையில் வரும், /டெவ்/லூப்5 என்பது போல. லைவ் யுஎஸ்பியில் ஸ்னாப் பேக்கேஜ் எல்லாம் லூப் எண்களை ஏற்கெனவே பிடித்திருக்கும், அதனால் 0 என்று ஊகித்து டைப் செய்யாதீர்கள். பிறகு /டெவ்/லூப்5பி1 தோன்றும். அதை ஆர்ஓ (ரீட்-ஒன்லி) என்ற ஆப்ஷனோடு மவுன்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்.

பார்ட்ஸ்கேனை விட்டுவிட்டால் லூப்5 மட்டும் வரும், பி1 வராது. செக்டர்-சைஸை விட்டுவிட்டால் விண்டோஸில் பார்த்த அதே 465 ஜிபிதான் வரும். ரீட்-ஒன்லியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விண்டோஸை விட்டு வர மனமில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க்கில் ஜியாமெட்ரி மெனுவில் செக்டர் சைஸை 4096 என்று மாற்றலாம். மாற்றிய பிறகு ஃபைல் பட்டியலைத் திறந்து வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். 'ரைட்' என்ற வார்த்தை கண்ணில் பட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

#10 கடைசிபைட்

4 டிபியையும் காப்பி எடுக்க இன்னொரு 4 டிபி வேண்டும். அது இல்லாதவருக்கு? இருந்த இடத்திலேயே மாற்ற முடியும். ஜிடிஸ்க்கில் (ஜிபிடி திருத்தும் கருவி) ஜிபிடி டேபிள் போட்டு, தொடக்கம் 2048, முடிவு 7,81,40,33,407 என்று கொடுத்தால் பார்டிஷன் சரியான இடத்தில் உட்காரும். ஜிபிடி டேபிளின் முதல் பிரதிக்கு டிஸ்க்கின் முதல் 34 செக்டர், இரண்டாம் பிரதிக்குக் கடைசி 33 செக்டர். இரண்டு இடமும் இந்த டிஸ்க்கில் காலி. பார்டிஷன் 1 எம்பியில்தான் தொடங்குகிறது, முடிவுக்குப் பின்னாலும் ஏறக்குறைய 1.9 எம்பி மிச்சம் இருக்கிறது.

#11 செக்டர்63

இடக் கணக்கு சரி. ஆனால் பார்டிஷன் சரியான இடத்தில் உட்கார்ந்தாலும் விண்டோஸ் 'ரா' என்றுதான் சொல்லும். என்டிஎஃப்எஸ்-இன் சொந்த பூட் செக்டரில் 11-ஆம் பைட்டில் 4096 என்று எழுதியிருக்கிறதே, அது டிஸ்க் சொல்லும் 512-உடன் ஒத்துப்போகாது. டேபிளில் ஒரு பொருத்தம், ஃபைல் சிஸ்டத்தில் இன்னொரு பொருத்தம், இரண்டும் வேண்டும். இதே டிஸ்க்கில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) இருந்திருந்தால் உங்கள் வழி அப்படியே வேலை செய்திருக்கும். அது பிளாக் கணக்கில் நடப்பது, சூப்பர்பிளாக்கும் (அதன் தலைப்புத் தகவல்) பார்டிஷன் தொடக்கத்திலிருந்து 1024-ஆம் பைட்டில் என்று பைட்டிலேயே நிர்ணயமானது.

#12 கடைசிபைட்

அதையும் திருத்தலாமே. 11-ஆம் பைட்டில் 00 10 என்பதை 00 02 ஆக்க வேண்டும். 13-இல் கிளஸ்டருக்கு (ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகு) எத்தனை செக்டர் என்பது 1, அதை 8 ஆக்க வேண்டும். 28-இல் பார்டிஷன் தொடக்கம் 256, அதை 2048 ஆக்க வேண்டும். 40-இல் இருக்கும் மொத்த செக்டரை எட்டால் பெருக்க வேண்டும். எம்எஃப்டி (என்டிஎஃப்எஸ்-இன் ஃபைல் பட்டியல்) எங்கே என்பது கிளஸ்டர் எண்ணில் இருப்பதால் அது மாறாது.

#13 செக்டர்63

காகிதத்தில் சரி. ஒரு இடம் விட்டுப்போனது. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் பிரதியை பார்டிஷனின் கடைசி செக்டரில் வைக்கும். 4096 கணக்கில் கடைசி செக்டர் என்பது 512 கணக்கில் எட்டு செக்டர். பழைய பிரதி அந்த எட்டில் முதலாவதில் இருக்கும், புதிய கணக்கில் விண்டோஸ் தேடுவது எட்டாவதில். 7 செக்டர் தள்ளி. பிரதியையும் திருத்தி அங்கே எழுத வேண்டும்.

முழு குளோன் கையில் இருக்கும்போது பயிற்சிக்காகச் செய்து பாருங்கள். ஒரே பிரதி மட்டும் இருக்கும் டிஸ்க்கில் செய்யச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன். ஹெக்ஸ் எடிட்டரில் பைட் வரிசையைத் தலைகீழாக அடித்துவிடுவது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்.

#14 கடைசிபைட்

பிரதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், கணக்கில் விட்டுவிட்டேன். இன்னொரு 4 டிபி வாங்குவதே நல்லது.

#15 ரிப்பேர்மேசை

மேலே ஸ்மார்ட் நல்லா இருக்குன்னு சொன்னதால இத்தனையும் சரி. பேட் செக்டர் வர ஆரம்பிச்ச டிஸ்க்னா ஃபைல் ஃபைலா காப்பி எடுக்காதீங்க. டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கிற கருவி) வெச்சு முழு இமேஜ் எடுத்துட்டு, பென்குயின் சொன்ன லோசெட்அப்பை இமேஜ் ஃபைல் மேல போடுங்க, அதே 4096 ஆப்ஷனோட. மேப் ஃபைல் (எதுவரை படிச்சதுன்னு குறிச்சு வைக்கிறது) கொடுக்க மறந்துட்டா நடுவுல கரண்ட் போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நொடிக்கு 150 எம்பி கிடைச்சாகூட 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும், யுபிஎஸ்ல போட்டுட்டு உக்காருங்க.

#16 தாழ்ப்பாள்

இதே சிக்கல், ஆனால் கேஸில் ஜிபிடி போட்டிருந்தால் எப்படித் தெரியும்?

#17 செக்டர்63

செக்டர் 0-இல் 'ப்ரொடெக்டிவ்' எம்பிஆர் மட்டும் தெரியும், வகை பைட் ஈஈ. ஜிபிடி தெரியாத பழைய கருவிகள் டிஸ்க்கைக் காலி என்று நினைத்து எழுதிவிடாமல் இருக்க வைத்த காவல் பொம்மை அது. உண்மையான ஹெடர் செக்டர் 1-இல், 'ஈஎஃப்ஐ பார்ட்' என்ற எட்டு எழுத்தில் தொடங்கும். செக்டர் 1 என்பது எந்த பைட்? 512 டிஸ்க்கில் 512-ஆம் பைட், 4096 டிஸ்க்கில் 4096-ஆம் பைட். ஹெக்ஸ் எடிட்டரில் அந்த எட்டு எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும், டிஸ்க் எந்த அலகில் எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். 512-ஆம் பைட்டில் தேடி ஏமாந்த விண்டோஸ் பிறகு ஏதாவது உளறும்.

ஜிபிடியில் செக்டர் எண் 64 பிட், அதனால் 2 டிபி தொல்லை இல்லை. ஒவ்வொரு பார்டிஷனுக்கும் 128 பைட், வழக்கமாக 128 இடம், ஆக 16 கேபி. 512 கணக்கில் 32 செக்டர், 4096 கணக்கில் 4 செக்டர்தான். ஹெடருக்கும் பட்டியலுக்கும் தனித்தனி சிஆர்சி (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்) உண்டு. எம்பிஆரில் ஒரு பிட் புரண்டாலும் யாருக்கும் தெரியாது, இங்கே உடனே தெரிந்துவிடும்.

#18 பென்குயின்

ஜிபிடியில் இன்னொரு கேஸ் கோளாறும் உண்டு. சில போர்டுகள் டிஸ்க்கின் கடைசியில் கொஞ்சம் செக்டரைத் தங்களுக்கென்று ஒளித்துக்கொள்ளும். கேஸில் இருந்தபோது 'கடைசி' என்று எழுதிய இரண்டாம் பிரதி, சாட்டாவில் பார்த்தால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். ஜிடிஸ்க்கில் வி அழுத்தினால் சொல்லிவிடும். எக்ஸ், பிறகு ஈ, பிறகு டபிள்யூ. பிரதி உண்மையான கடைசிக்கு நகரும். எதிர்த்திசையில் போனால்தான் ஆபத்து: சாட்டாவில் பார்டிஷன் போட்டு கேஸுக்குள் வைத்தால் வால் வெட்டுப்பட்டு நிற்கும்.

முதல் ஹெடர் மட்டும் கெட்டுப்போயிருந்தால் ஆர் மெனுவில் பி ('பேக்கப்' என்பதன் முதலெழுத்து) இரண்டாம் பிரதியிலிருந்து ஹெடரை எடுக்கும், சி பட்டியலை எடுக்கும். இன்னொரு பி ('பிரின்ட்' என்பதன் முதலெழுத்து) அழுத்திப் பார்டிஷன் பட்டியலைப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் டபிள்யூ. டபிள்யூ அழுத்தும் வரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது, க்யூ போட்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்.

#19 நீலத்திரை

லூப்7பி1 வந்தது, ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகின்றன. புதிய 4 டிபி டிஸ்க்குக்கு காப்பி போய்க்கொண்டிருக்கிறது. புதியதை ஜிபிடி என்றுதான் போட்டேன். பழைய பயாஸ் மெஷின் இது, யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய முறை) கிடையாது. பின்னால் இதிலேயே லினக்ஸ் போட்டு பூட் செய்ய முடியுமா?

#20 பென்குயின்

லினக்ஸ் முடியும், விண்டோஸ் முடியாது. பயாஸ் மெஷினில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது.

பயாஸுக்கு ஜிபிடி பற்றி ஒன்றும் தெரியாது. செக்டர் 0-ஐ எடுத்து ஓட்டும், அவ்வளவுதான். ப்ரொடெக்டிவ் எம்பிஆரின் 440 பைட்டில் க்ரப்பின் முதல் துண்டு இருந்தால் அது ஓடும். சிக்கல் அடுத்த துண்டுக்குத்தான். ரிப்பேர்மேசை சொன்ன காலி இடத்தில் இப்போது ஜிபிடி பட்டியல் குடியிருக்கிறது. அதனால் க்ரப்புக்கென்று 1 எம்பி பார்டிஷன் ஒன்று விட வேண்டும், ஜிடிஸ்க்கில் வகை ஈஎஃப்02. ஃபார்மட் செய்யக் கூடாது, மவுன்ட்டும் கூடாது. இதை விட்டுவிட்டு க்ரப்-இன்ஸ்டால் போட்டால் 'எம்பெட் செய்ய இடமில்லை' என்று நின்றுவிடும். அந்த வகையின் 16 பைட் ஜியூஐடியை (அடையாள எண்ணை) எழுத்தாகப் படித்தால் 'ஹா! ஐ டோன்ட் நீட் ஈஎஃப்ஐ' என்று வரும். க்ரப் ஆட்களின் குறும்பு.

#21 தாழ்ப்பாள்

டிஸ்க்கை அப்படியே பின்னால் யூஈஎஃப்ஐ மெஷினுக்கு மாற்றினால்?

#22 பென்குயின்

அங்கே செக்டர் 0 கோடை யாரும் கேட்க மாட்டார்கள். ஃபேட்32-இல் ஒரு ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் வேண்டும், அதில் பூட்லோடர் ஒரு சாதாரண ஃபைலாக இருக்கும். எதைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் என்விரேமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. குளோன் செய்த டிஸ்க் வேறு மெஷினில் பூட் ஆகாததற்கு இதுவே முக்கால்வாசிக் காரணம். குறிப்பு இல்லாதபோது மெஷின் கடைசியாகத் தேடும் இடம் \ஈஎஃப்ஐ\பூட்\பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ. பூட்லோடரை அந்தப் பெயரிலும் ஒரு காப்பி வைத்துவிட்டால் எந்த போர்டிலும் எழுந்துகொள்ளும். இப்போதே 512 எம்பி ஒதுக்கி வையுங்கள், பின்னால் பார்டிஷனைச் சுருக்கி இடம் தேடுவது தலைவலி.

#23 ரிப்பேர்மேசை

நீலத்திரை, காப்பி முடிஞ்சதும் டேபிளுக்கு ஒரு பேக்கப் எடுத்து வேற டிஸ்க்குல போட்டு வைங்க. எம்பிஆர்னா டிடி கமாண்ட்ல (பைட்டை அப்படியே நகலெடுக்கிறது) பிஎஸ் 512, கவுண்ட் 1. ஆனா திருப்பிப் போடும்போது 512-ம் போட்டா நடுவுல மாத்தின பார்டிஷன் எல்லாம் பழைய நிலைக்குப் போயிடும், கோட் மட்டும் வேணும்னா 440. சில பழைய கட்டுரைல 446-னு இருக்கும், அது டிஸ்க் சிக்னேச்சரையும் சேர்த்து மாத்திடும், விண்டோஸ் டிரைவ் எழுத்தெல்லாம் குழம்பும். எக்ஸ்டெண்டட் பார்டிஷன் இருந்தா இந்த ஒரு செக்டர் போதாது, ஒவ்வொரு லாஜிக்கலுக்கும் முன்னாடி ஒரு குட்டி டேபிள் சங்கிலி மாதிரி தொங்கும். அதுக்கு எஸ்எஃப்டிஸ்க் -டி. ஜிபிடிக்கு எஸ்ஜிடிஸ்க் --பேக்கப்.

#24 நீலத்திரை

காப்பி முடிந்தது, ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றன. பழைய டிஸ்க்கை சாட்டாவிலேயே மறுபடி பயன்படுத்த டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸின் பார்டிஷன் கருவி) க்ளீன், கன்வெர்ட் ஜிபிடி போதுமா?

#25 செக்டர்63

போதும். செலக்ட் டிஸ்க் போட்டதும் லிஸ்ட் டிஸ்க் போட்டு நட்சத்திரம் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் 4 டிபி, திரையில் இரண்டுமே 3726 ஜிபி என்றுதான் வரும். புதிய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.